கிட்டாருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பெட்டி

"அண்ணே, கிட்டார நேரா லேப்டாப்புல சொருகி ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தேன். சத்தம் வருது. ஆனா அடைச்ச மாதிரி இருக்கு, உயிரே இல்ல. பிரீஆம்ப் வாங்குன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. எது வாங்கலாம்?"

சுங்கை பூலோவில் எங்கள் தாமான் இளைஞர் ஒருவர் கேட்டது இது. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் கிட்டார் பிடித்துப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள் பலருக்கும் இதே சந்தேகம்தான். உள்ளூரில் ஒரு தமிழ்ப் பாட்டுப் பதிவு செய்ய வேண்டுமானால் முன்பெல்லாம் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். இன்று பாதி வேலை படுக்கையறையிலேயே முடிந்துவிடுகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைபட்டபோது, ஆளுக்கோர் இடத்திலிருந்து வாசித்து ஒன்றுசேர்க்கும் பழக்கம் கோயில் பஜனைக் குழுக்கள் வரைக்கும் பரவியது. அது இன்னும் விடவில்லை.

ஆம்ப்ளிஃபையரை உரக்க வைத்து, ஸ்பீக்கர் முன் மைக்கை நிறுத்திப் பதிவு செய்வது பழைய முறை. ஸ்டூடியோக்களில் இன்றும் அதற்கு மதிப்புண்டு. நம் வீடுகளில் நடக்காது. தெரஸ் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள். அடுக்குமாடி என்றால் மேலும் கீழும் ஆள். மாலையில் மழை பிடித்துக்கொண்டால் கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரை போடும் கூச்சலில் மைக்குக்குக் கிட்டாரே கேட்காது. தந்தியின் அதிர்வை ஒலியாக்காமல் மின்சாரமாகவே கணினிக்குள் அனுப்பும் நேரடிப் பதிவுதான் இங்கே கைகொடுக்கும். அப்படி அனுப்பும்போது நடுவில் என்ன பெட்டி வைப்பது என்பதில்தான் காசு வீணாகிறது. கடையில் கேட்டால் 200 வெள்ளி சில்லறையிலிருந்து ஆயிரக்கணக்கான வெள்ளி வரை பெட்டிகளை அடுக்கிக் காட்டுவார்கள். எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன், கிட்டாரிலிருந்து வெளியே வருவது என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய தாமிரக் கம்பியும் மட்டும்தான். கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட தலைமுடியின் கனம். அதை 7,000, 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி காந்தப்புலத்துக்குள் அதிர, புலம் ஆட, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் அப்படியே இங்கே வேலை செய்கிறது. நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் வாயே திறக்காது; காந்தத்துக்குப் பிடிபடாத பொருள் அது.

அவ்வளவு மெல்லிய கம்பியை அவ்வளவு சுற்றுச் சுற்றியதற்கு ஒரு விலை உண்டு. மல்டிமீட்டர் வைத்து அளந்தால் பிக்கப்பின் மின்தடை 6 முதல் 8 கிலோ ஓம் காட்டும். அது போக, சுருள் என்பதால் அதற்குத் தூண்டல் குணமும் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 2, 3 ஹென்ரி வரும். மின்னணு வேலையில் இது மிகப் பெரிய எண். தூண்டல் உள்ள சுருள், அதிர்வெண் ஏற ஏறத் தன் வழியே போகும் மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும். தாழ்ந்த ஸ்வரங்களுக்கு இந்தப் பிக்கப் சில கிலோ ஓம் பொருள். 3,000 ஹெர்ட்ஸுக்கு அது 50 கிலோ ஓமைத் தாண்டிவிடும்.

இதைக் கணினியின் லைன் இன்புட்டில் சொருகுகிறோம். அந்தத் துளையின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது வருகிற சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் மின்னழுத்தத்தைப் பிக்கப்பும் கணினியும் தத்தம் எதிர்ப்புக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். பிக்கப்பை 7 கிலோ ஓம், 3 ஹென்ரி என்று கொண்டு கணக்குப் போட்டால், கிட்டாரின் தடித்த இ தந்தியின் 82 ஹெர்ட்ஸில் சுமார் 59 விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேருகிறது. 3,000 ஹெர்ட்ஸில் 17 விழுக்காடுதான். இன்றைய லேப்டாப்புகளில் லைன் இன்புட்டே கிடையாது, ஹெட்செட் மைக்குக்கான துளை மட்டும்தான். அதன் எதிர்ப்பு 2 கிலோ ஓம் என்றால் அதே 3,000 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது நூற்றுக்கு மூன்றரை. போதாக்குறைக்கு, ஹெட்செட் மைக்குக்கு உயிர் கொடுக்கச் சில வோல்ட் மின்சாரத்தையும் அந்தத் துளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

கிட்டாரின் திறந்த தந்திகள் 82 முதல் 330 ஹெர்ட்ஸ் வரைதானே, 3,000 போனால் என்ன என்று கேட்கலாம். தந்தியின் அடிப்படை அதிர்வெண்தான் அவ்வளவு. பிளெக்ட்ரம் பட்ட கணத்தின் கூர்மை, இரண்டு கிட்டார்களுக்கு இடையே உள்ள குரல் வேறுபாடு, விரல் சறுக்கும் ஓசை எல்லாம் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேல் இசையங்களில் இருக்கின்றன. கமகம் வாசிப்பவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் உறைக்கும். யு. ஸ்ரீநிவாஸ் மேண்டலினை எலெக்ட்ரிக் ஆக்கியதும், பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதும் நாம் கேட்டவைதான். தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது காது பிடித்துக்கொண்டு போகும் நூல் அந்த மேல் இசையங்களில்தான் ஓடுகிறது. அது போனால் ஸ்வரம் சரியாக இருக்கும், பாவம் இருக்காது. "அடைச்ச மாதிரி" என்று பிள்ளைகள் சொல்வதற்கு இயற்பியல் காரணம் இதுதான். கிட்டாரில் கோளாறு இல்லை, கணினியிலும் இல்லை.

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது குவாசா டாமான்சாரா எழும்பிக்கொண்டிருக்கிறது. பால் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான் இதை இப்படித்தான் சொல்வேன்: பிக்கப் என்பது சீவிவிட்ட மரம். அது சொட்டுவதை மங்கு வைத்து ஏந்தலாம், உறிஞ்சி எடுக்க முடியாது. எதிர்ப்புக் குறைந்த இன்புட் உறிஞ்சப் பார்க்கிறது. 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் எதிர்ப்புள்ள இன்புட் ஏந்திக்கொள்கிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் இன்புட் நெடுங்காலமாக 1 மெகா ஓம் அளவில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பிரீஆம்ப் என்றால் சத்தத்தைக் கூட்டும் கருவி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டாம்பட்சமான வேலை அது. கிட்டாரின் சத்தம் அப்படியொன்றும் குறைவில்லை. ஓங்கி அடித்தால் ஒற்றைச் சுருள் பிக்கப் கால் வோல்ட், அரை வோல்ட் தரும். இரட்டைச் சுருள் ஹம்பக்கர் 1 வோல்ட்டைத் தொடும். வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவே ஏறத்தாழ 0.3 வோல்ட்தான். ஆகவே பெட்டியின் முதல் வேலை மின்னழுத்தத்தைப் பெருக்குவது அன்று. ஒரு பக்கம் பிக்கப்பைத் தொந்தரவு செய்யாமல் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் எதிர்ப்புக் குறைந்த, வலுவான சமிக்ஞையாகக் கொடுப்பதுதான்.

இதில் ஒயருக்கும் பங்குண்டு. கிட்டார் ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் மின்தேக்கும் திறன் கொண்டது. பிக்கப்பின் தூண்டலும் ஒயரின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். 3 ஹென்ரி பிக்கப்புக்கு 5 மீட்டர் ஒயர் போட்டால் அந்த உச்சம் 4,100 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 10 மீட்டர் போட்டால் 2,900க்கு இறங்கிவிடும். கிட்டார் இன்னொரு கிட்டாராகக் கேட்கும். தங்க முலாம் பூசிய ஒயருக்குக் காசு கொட்டுவதைவிட ஒயரைக் குட்டையாக்குவது லாபம். பிரீஆம்பைத் தாண்டிய பிறகு ஒயர் எவ்வளவு நீளம் போனாலும் இந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு ஏமாற்றமாகத்தான் இருக்கும்: தனியாகப் பிரீஆம்ப் வாங்க வேண்டாம். கணினிக்கு எப்படியும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. இன்று விற்கும் நல்ல இன்டர்ஃபேஸ்களில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று எழுதிய ஒரு சுவிட்சோ துளையோ இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் பிரீஆம்ப் கிட்டாருக்கு ஏற்ற எதிர்ப்புக்கு மாறிக்கொள்ளும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறைக் கருவியில் இது 1.5 மெகா ஓம். போதும். வாங்கிய பெட்டியில் அந்தச் சுவிட்ச் இருப்பதே தெரியாமல் மைக் நிலையிலேயே மாதக்கணக்கில் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பெட்டியில் ஹை-இசட் வசதியே இல்லையென்றாலும் வழியிருக்கிறது. பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்களில் பெரும்பாலானவை, எஃபெக்டை அணைத்து வைத்திருந்தாலும் சமிக்ஞையை ஒரு பஃபர் வழியாகவே, அதாவது மேலே சொன்ன அந்த வாங்கிக் கொடுக்கும் வேலையைச் செய்யும் சிறு சுற்று வழியாகவே, அனுப்பும். கைவசம் அப்படி ஒரு பெடல் இருந்தால், உங்களிடம் பிரீஆம்ப் இருக்கிறது என்று பொருள்.

வால்வு பிரீஆம்ப் என்று விற்கும் மலிவுப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான வால்வு ஆம்ப்ளிஃபையரில் வால்வின் தகட்டுக்கு 150, 200 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பார்கள். சிறிய அடாப்டரில் ஓடும் பல பெட்டிகளில் வால்வுக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கிறது. வேலையில் பெரும்பங்கைப் பக்கத்திலிருக்கும் சில்லு பார்த்துக்கொள்ளும். சிலவற்றில் வால்வு தகதகவென்று எரிவதாகக் காட்ட அதன் பின்னால் ஆரஞ்சு நிற எல்இடி வேறு பொருத்தியிருப்பார்கள். பார்க்க அழகுதான். பதிவில் கேட்காது.

அகூஸ்டிக் கிட்டாருக்கு வரும்போது கதை மாறுகிறது. இங்குதான் பிரீஆம்புக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

அகூஸ்டிக் கிட்டாரில் தந்திகள் உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு அடியில் பியசோ பட்டை வைத்திருப்பார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள் அது. கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்த குணம். காந்தமும் வேண்டாம், சுருளும் வேண்டாம், நைலான் தந்தியானாலும் வேலை செய்யும். ஆனால் மின்சாரக் கணக்கில் அது சுருளுக்கு நேரெதிர். ஒரு சின்ன மின்தேக்கி, 500 முதல் 1,000 பைக்கோஃபாரட். சுருள் மேல் ஸ்தாயியை இழந்தது என்றால் மின்தேக்கி கீழ் ஸ்தாயியை இழக்கும். 500 பைக்கோஃபாரட் பியசோவை 1 மெகா ஓம் இன்புட்டில் சேர்த்தால் 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு தொடங்கிவிடும். அதாவது கிட்டாரின் திறந்த தந்திகளில் மிக மெல்லியது நீங்கலாக, மற்ற ஐந்தின் அடிப்படை ஸ்வரங்களும் சரிவில்தான் நிற்கும். எலெக்ட்ரிக்குக்குத் தாராளமாக இருந்த 1 மெகா ஓம் இங்கே பற்றாக்குறை. 10 மெகா ஓம் கொடுத்தால் சரிவு 32 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், கிட்டாரின் எல்லைக்கு வெளியே. எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் பாரா அகூஸ்டிக் டிஐ போன்ற பெட்டிகள் 10 மெகா ஓம் இன்புட்டோடு வருவது இதற்காகத்தான்.

மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்து 2012இல் மறைந்த பால் பொன்னுதுரை, ஒரே கிட்டாரில் பேஸையும் தாளத்தையும் மெட்டையும் சேர்த்து வாசித்து வியக்க வைத்தவர். அந்த வகை வாசிப்பில் கட்டைவிரல் பார்க்கும் வேலை முழுவதும் 82 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள். தப்பான இன்புட்டில் சேர்த்தால் காணாமல் போவது சரியாக அந்தப் பகுதிதான்.

வீணைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கும் ஜாலான் பெர்ஹாலா பக்கம் வீணையும் வயலினும் கற்கும் பிள்ளைகள் பலர். அவற்றில் ஒட்டும் பிக்கப் பெரும்பாலும் இதே பியசோ வகை. மூன்று கட்டைச் சுருதியில் வீணையின் அனுமந்தரத் தந்தி சுமார் 62 ஹெர்ட்ஸ். பியசோவை நேரே கணினியில் சொருகிப் பதிவு செய்துவிட்டு, "வீணை தகர டப்பா மாதிரி கேட்குது" என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

வாங்குவதற்கு முன் கிட்டாரின் பக்கவாட்டைப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி போடும் இடமும் சின்னச் சின்னத் திருகுகளும் இருந்தால் பிரீஆம்ப் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று வைப்பது கல்யாணத்துக்கு இரண்டு தாலி.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கும், கையால் செய்து பார்க்க ஆசை உள்ளவர்களுக்கும் ஜாலான் பாசார் இருக்கிறது. சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் ஏறிச் சான் சோ லினில் இறங்கி, எல்ஆர்டி மாறினால் அடுத்த நிலையம் புடு. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் மின்னணு உதிரிப் பொருள் கடைகள். கேட்க வேண்டியது டிஎல்072 என்னும் எட்டுக் கால் சில்லு. அதன் இன்புட்டில் ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் இருப்பதால் சில்லு தன் பங்குக்குப் பிக்கப்பிலிருந்து எடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

9 வோல்ட் பேட்டரியின் குறுக்கே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராகப் போட்டால் நடுவில் 4.5 வோல்ட் கிடைக்கும். அந்த நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு ஒரு 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டு அதை அமைதிப்படுத்த வேண்டும். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியே சில்லின் மூன்றாம் காலுக்குப் போகும். அதே காலிலிருந்து 4.5 வோல்ட் புள்ளிக்கு ஒரு 1 மெகா ஓம் மின்தடை. பெட்டியின் இன்புட் இம்பீடன்ஸை முடிவு செய்வது இந்த ஒற்றைத் துண்டுதான். முதல் காலையும் இரண்டாம் காலையும் ஒன்றாகச் சேர்த்து, 10 மைக்ரோஃபாரட் வழியே வெளியே எடுத்தால் ஒயர் கணினிக்குப் போகத் தயார். எட்டாம் கால் பேட்டரியின் நேர்முனை, நான்காம் கால் எதிர்முனை. சில்லின் மறுபாதி சும்மா இருக்கும். அதன் ஐந்தாம் காலை 4.5 வோல்ட்டிலும், ஆறையும் ஏழையும் ஒன்றோடொன்றும் சேர்த்துவிட்டால் தொல்லை தராது. பியசோவுக்கு வேண்டுமா? அந்த 1 மெகா ஓமைக் கழற்றிவிட்டு 10 மெகா ஓம் போடுங்கள், அவ்வளவுதான். மொத்தமும் எடுப்பது மூன்று, மூன்றரை மில்லிஆம்பியர். ஒரு நல்ல அல்கலைன் பேட்டரி 100 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மூடிவைக்க உலோகப் பெட்டி அவசியம், பேட்டரியின் எதிர்முனையை அந்த உலோகத்தோடு சேர்க்கவும் வேண்டும். காலி மைலோ டின் தாராளமாகப் போதும்.  சில்லும் சல்லிசுதான், கடையிலேயே வாங்கலாம்.

பெட்டி சரியாக அமைந்தபின் அடுத்த எதிரி இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் காந்தப்புலம் வீட்டில் எங்கும் பரவியிருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தந்தியின் ஆட்டமும் டிரான்ஸ்ஃபார்மரின் ஆட்டமும் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரு சுருள்களை வைத்து இதை முறித்தார் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த ஹம்பக்கர்தான் இன்றும் ஏராளமான கிட்டார்களில் இருக்கிறது. ஒற்றைச் சுருள் வைத்திருப்பவர் உட்கார்ந்த நாற்காலியை மெல்லத் திருப்பிப் பார்க்கட்டும். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று விழும். அந்தக் கோணத்தில் பதிவு செய்வது எந்தக் கருவியையும்விட மலிவு.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கால் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் திணிக்க, மேல் துளையில் பேனா மூடியையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு நெம்புவதை நம் வீடுகளில் பார்க்காதவர் யார்? ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். அப்படிப்பட்ட சார்ஜரில் எர்த் இணைப்பே கிடையாது. உள்ளிருந்து கசியும் சிறு மின்னோட்டம் யூஎஸ்பி வழியாகக் கிட்டார் தந்திக்கு வந்து விரலில் லேசாகச் சுருக்கென்று இழுக்கும், பதிவில் 'ஜ்ஜ்' என்று கேட்கும். மூன்று கால் சார்ஜர் போடுங்கள். கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகுங்கள். இரைச்சலை ஒழிக்கிறேன் என்று எர்த் காலை வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இடியையும் மறந்துவிடக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் தோறும் வானம் உறுமும். சுவர் சாக்கெட், சார்ஜர், லேப்டாப், யூஎஸ்பி, இன்டர்ஃபேஸ், ஒயர், தந்தி, விரல் என்று எல்லாமே ஒரே சங்கிலி. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுதான் சரி.

சுத்தமாகப் பதிவானபின் வரும் அடுத்த புகார்: டிஸ்டார்ஷன் போட்டால் கொசுக் கூட்டம் மாதிரி கீச்சிடுகிறது. இதுவும் பிரீஆம்பின் குற்றமல்ல. கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களையும் தராது. செலஸ்டியன் வின்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற ஸ்பீக்கரின் எல்லை 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ்தான் என்று அந்த நிறுவனமே போட்டிருக்கிறது. அதற்கு மேல் உள்ள கரகரப்பை ஸ்பீக்கர் விழுங்கிவிடுவதால்தான் ராக் கிட்டார் நமக்கு இனிமையாகக் கேட்கிறது. நேரடிப் பதிவில் ஸ்பீக்கர் இல்லை. ஆகவே அதன் குணத்தைக் கணினியில் சேர்க்க வேண்டும். ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை அளந்து எடுத்த சிறு கோப்புகள், இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வினாடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் 2,048 மாதிரிகள் கொண்ட ஒரு கோப்பு 43 மில்லி வினாடி நீளம்தான். ஆனால் ஒலியைத் தலைகீழாக மாற்றிவிடும்.

நேரடிப் பதிவு நேற்று வந்ததும் அல்ல. 1960களில் டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் கிட்டார்காரர்கள் ஆம்ப் இல்லாமல் நேரே மிக்சரில் சொருகி, ஒரே ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டபடி வாசித்தார்கள். எம்ஐடியில் படித்துப் போலராய்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் ஷோல்ஸ், 1976இல் வந்த பாஸ்டன் குழுவின் முதல் தட்டின் பெரும்பகுதியைத் தன் வீட்டு நிலவறையிலேயே பதிவு செய்தவர். அவரே 1980களில் ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியைச் செய்து விற்றார். 1989இல் சான்ஸ்ஆம்ப், 1998இல் லைன் 6 பாட் என்று அந்த வேலை படிப்படியாகப் பெட்டிக்குள் புகுந்தது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள், உண்மையான ஆம்ப்ளிஃபையரின் நடத்தையை நரம்பியல் வலைப்பின்னலுக்குக் கற்றுக்கொடுத்து அப்படியே திருப்பித் தருகிறது. விலை: ஒன்றுமில்லை.

அதனால்தான் பிரீஆம்பில் 'நிறம்' தேடிச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை. நிறத்தைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவாகும்போதே தொலைந்துபோன மேல் இசையத்தை எந்த மென்பொருளும் நேர்மையாகத் திருப்பித் தராது. தருவது ஊகமும் இரைச்சலும்தான். சுத்தமான பதிவு ஒன்றை எப்போதும் தனியாகச் சேமித்து வையுங்கள்.

அளவு வைப்பதில் அவசரம் வேண்டாம். 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல். எவ்வளவு ஓங்கி வாசித்தாலும் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாதபடி திருகியை வையுங்கள். இரண்டு பிட் வீணாகிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. பிக்கப்பின் மின்தடையே வெப்பத்தால் உண்டாக்கும் இரைச்சல், கருவியின் 24 பிட் எல்லையைவிட மிக உயரத்தில் நிற்கிறது. தாமதம் பற்றியும் வீணாகப் பயமுறுத்துகிறார்கள். கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் பஃபர் 128 மாதிரி என்றால் 48,000 வேகத்தில் 2.7 மில்லி வினாடி. உள்ளே போய் வெளியே வரும் மொத்தம் 10 மில்லி வினாடிக்குள் இருந்தால், ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள், கூடவே லேப்டாப்பும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரே கோர்டை இரண்டு பெட்டிகள் வழியே பதிவு செய்து, சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) வரைபடத்தில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அகூஸ்டிக் என்றால் 300க்குக் கீழே பாருங்கள். பெட்டியின் விவரத்தாளில் இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று தேடுங்கள்: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, பேட்டரி இல்லாத பியசோவுக்கு 10. அந்த எண்ணை அச்சிடாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.